கூப்பிட்ட வகுப்புக்கெல்லாம் போனவர்

பெஞ்சைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முன் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாயிற்று. பாடம் எதுவானாலும் அக்காவுக்கு அந்த இடம்தான். வாத்தியார் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவளின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்திருப்பார். வாத்தியார் வந்துவிட்டால் கப்சிப்.

அட்டைப்பெட்டி ஒட்டும் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். இயந்திரம் வந்தது, பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனவர்களுக்கு வேறு தொழில் கற்றுத்தர அரசாங்கம் ஒரு பயிற்சி நிலையம் திறந்தபோது, முதல் ஆளாகப் போய் நின்றார். தையல் படித்தார். பிறகு கணினி, அழகுக்கலை, காளான் வளர்ப்பு. எதையும் விட்டுவைக்கவில்லை, எதுவும் முழுசாகக் கைக்கு வரவில்லை.

"தையல்ல ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுற வரைக்கும் போனோம், கோர்ஸ் முடிஞ்சுபோச்சு. கம்ப்யூட்டர்ல மவுஸைத் தொடறதுக்கே வரிசையில நிக்கணும், என் முறை வந்தா கரண்ட் போயிடும். காளான் மட்டும் நல்லா வந்துச்சு, கிளாஸ் ரூம் செவுத்துல" என்பார்.

படித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று மேலே யாரும் கேட்கவில்லை. வகுப்பு நிரம்பினால் சரி. ஆள் குறைந்தால் நிலையப் பொறுப்பாளர் இவரைத்தான் போனில் பிடிப்பார்.

"அக்கா, ஆள் பத்தல. வந்து மானத்தைக் காப்பாத்துங்க."

"அதுக்கென்ன தம்பி, வந்துட்டாப் போச்சு."

அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. வீட்டில் சும்மா கிடப்பவளை யாரோ தேடுகிறார்கள் அல்லவா?

அப்புறம்தான் அந்தப் பயிற்சி வந்தது. நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பு. முடித்த கையோடு மருத்துவமனையில் வேலை. படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவரைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்தவர் அக்கா. இது தனக்கென்றே வந்தது என்று நினைத்தார். நிலையம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றார்.

பொறுப்பாளர் கணினித் திரையைப் பார்த்தார், இவரைப் பார்க்கவில்லை. "இந்த வருஷத்துலேருந்து ஒருத்தருக்கு ஒரு தடவைதான் பயிற்சிக்கா. புது விதி. நீங்க ஏற்கனவே படிச்சவங்கன்னு காட்டுது. பேரே ஏற மாட்டேங்குது."

"நீ கூப்பிட்டேன்னுதானே தம்பி வந்தேன்?"

அந்தப் பிள்ளை திரையை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினார். அவரும் கெட்டவர் அல்லர், அதுதான் சங்கடம். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அக்கா வீடு திரும்பினார். "நல்ல சோறு வர்றதுக்குள்ள கண்டதையும் தின்னு வயித்தை ரொப்பிக்கிட்டேனே" என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

போன வாரம் மெழுகுவர்த்தி செய்யும் பயிற்சி தொடங்கியது. வழக்கம்போல ஆள் சேரவில்லை. "பேரு ஏறாட்டிப் பரவால்லக்கா, போட்டோவுக்காவது வந்து உக்காருங்க." போனார். முகத்தை முறிக்கத் தெரிந்தால்தானே! பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகளும் துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் எடுக்கும் நேரத்தில் மேலிடத்து அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, "இதுவரைக்கும் எந்தப் பயிற்சிக்கும் போகாதவங்க கையைத் தூக்குங்க, இப்பவே சேத்துக்கலாம்" என்றார்.

மகளின் கை உயர்ந்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து இறக்கி, தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டார்.