கதவில்லாத வண்டியில் ஸ்காகனுக்கு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹேர்னிங்கிலிருந்து புறப்பட்டோம். நாங்கள் என்றால் நானும் என் கணவரும் மட்டும். முப்பது வருட டென்மார்க் வாழ்க்கையில் லண்டன் போயிருக்கிறோம், பாரிஸ் போயிருக்கிறோம், ரொறன்ரோவும் போயிருக்கிறோம். எல்லாப் பயணத்தின் முடிவிலும் ஒரு சொந்தக்காரர் வீடும் ஒரு சட்டி கோழிக்கறியும் இருக்கும். எங்களை யாருமே எதிர்பார்க்காத இடத்துக்குப் புறப்பட்டது இதுதான் முதல் தடவை.

போன வாகனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஒரு சின்ன அறையைத் தூக்கி வைத்தால் எப்படியிருக்கும்? அதுதான். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி. பின்பக்கம் ஒரே ஒரு கதவு. பிள்ளைகள் இருவரும் கொப்பன்ஹேகனுக்குப் போன பிறகு இவர் என்னைக் கேட்காமல் வாங்கியது.

"பிள்ளையள் போட்டுதுகள். இனி நாங்கள் ரெண்டுபேரும் எங்கையெண்டாலும் போவம்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? வீடு வாசல் இருக்க, நத்தை மாதிரி வீட்டைக் காவிக்கொண்டு திரியிறதோ?" என்றேன்.

ஒரு மாதம் இழுபறிப்பட்டு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நாட்டின் வடக்கு முனையான ஸ்காகனுக்கு ஒரு தடவை போய் வருவது. அதற்குப் பிறகும் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் வண்டியை விற்றுவிடுவது. வாங்குவதற்கு ஹொல்ஸ்டெப்ரோவில் யோகன் அண்ணை ஆயத்தமாக இருந்தார். ஞாயிறு பின்னேரம் ரெலிபோன் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் புறப்படும்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஓல்போர்க் வரை ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர். அங்கிருந்து மேற்கே நாற்பது போனால் புளொக்கூஸ். அந்தக் கடற்கரையில் மணலிலேயே வாகனம் ஓட்டலாம், யாரும் மறிக்க மாட்டார்கள். தார் றோட்டுப் போல இறுகிய வெள்ளை மணல். இடது பக்கம் கடல், வலது பக்கம் புல் முளைத்த மணல்மேடுகள். ஒரு கடை கிடையாது, ஒரு மரம் கிடையாது. வானம் தலைக்கு மேலே நிற்காமல் மூன்று பக்கமும் தரை வரை இறங்கியிருந்தது. எத்தனையோ வருடம் இந்தக் கடலிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் குடியிருந்திருக்கிறேன், ஒரு நாள் வந்து பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் சாப்பிட நிறுத்தினோம். நான் கடலைப் பார்த்துக்கொண்டு சமைக்க வேண்டும் என்று வண்டியின் பின்பக்கத்தை, அதாவது கதவை, கடலுக்கு நேரே விட்டார். நான் தூள் பிரட்டிக் கொண்டுவந்த மீனை எண்ணெயில் போட்டேன். இந்த நாட்டுத் தமிழ்ச் சனத்துக்கு ஒரு பயம் உண்டு: ஜக்கெட்டில் பொரியல் மணம் ஏறிவிடும். வீட்டில் நான் மீன் பொரித்தால் ஜக்கெட் எல்லாம் அறைக்குள் பூட்டிக் கிடக்கும். இங்கே ஜக்கெட்டும் படுக்கையும் அடுப்பும் ஒரே அறைக்குள். எட்டிக் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

படார் என்று ஒரு சத்தம். வண்டியே ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்தது. திரும்பிப் பார்க்கிறேன், கதவைக் காணவில்லை. பிணைச்சலோடு பிடுங்கிக்கொண்டு போய், மணலில் அப்பளம் மாதிரி உருண்டு கொண்டிருந்தது.

"கோதாரி விழுந்த காத்து!" என்று நான் கத்த, இவர் செருப்பில்லாமல் ஓடினார். தூரத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு டெனிஷ் பெண் கதவின் மேலே ஏறி நின்று அதைப் பிடித்துக் கொடுத்தாள். பெயர் கிர்ஸ்டன். கதவு நடுவில் மடிந்து, தோல் கிழிந்து, உள்ளே இருந்த வெள்ளை நுரைப்பலகை தெரிந்தது.

"இந்தக் கரையில் வண்டியின் மூக்கைத்தான் காற்றுக்குக் காட்ட வேண்டும், முதுகை அல்ல" என்று அவள் டெனிஷில் சொன்னாள். வாணலிக்குள் மீனைவிட மணல் கூடவாக இருந்தது.

ஓல்போர்க்கில் இப்படியான வண்டி திருத்தும் ஒரு கடைக்கு அழைத்தோம். புதுக்கதவு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஆறு கிழமை ஆகும் என்றார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. பயணம் முடிந்தது, வண்டியும் போகும். அடுத்த கணம் இவருடைய முகத்தைப் பார்த்தேன். கதவு போன வெறும் நிலைச்சட்டத்தில் கையை வைத்தபடி நின்றார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். மனம் விட்டுப்போன ஆட்களை நாள்தோறும் பார்க்கிறேன். இவர் அப்படி நின்று நான் கண்டதில்லை.

"இஞ்சாருங்கோ, கதவுக் கொம்பனியிலை இத்தனை வருசம் வேலை செய்த மனிசனுக்கு ஒரு கதவு செய்யேலாதே?" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "நீர் வீட்டை போகத்தானே நிக்கிறீர்?"

"கதவில்லாமல் எப்பிடிப் போறது? சட்டி பானை எல்லாம் மோட்டர்வேயிலை பறக்கும்" என்றேன். கிர்ஸ்டனுக்கு என்ன விளங்கியதோ, லோக்கனுக்குப் பக்கத்தில் தனக்குக் குதிரைப் பண்ணை இருக்கிறது, கொட்டிலில் வேலை மேசையும் தச்சு ஆயுதங்களும் உண்டு, வாருங்கள் என்றாள். அன்று இரவு குதிரைகளுக்குப் பக்கத்தில் வண்டியை விட்டு, அதன் வாசலில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்தோம்.

சனிக்கிழமை காலை யோரிங் நகரத்தில் ஒட்டுப்பலகையும் நுரைப்பலகையும் பசையும் வாங்கி வந்தோம். அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இந்த மனிசன் விடிய முதல் எழும்பி நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு வேலைக்குப் போவார், வருவார், களைத்துப்போய்ச் சோபாவில் நித்திரையாவார். அங்கே என்ன செய்கிறார் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. இப்போது பார்க்கிறேன். பலகையைக் கையால் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் வளையும் என்று சொல்கிறார். கோடு கிழித்தால் கிழித்ததுதான், அழிப்பில்லை. உடைந்த கதவின் அலுமினிய விளிம்பையும் றப்பரையும் பூட்டையும் நோகாமல் கழற்றி எடுத்து வைத்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு. வீட்டில் பாடாத மனிசன்! நான் கடலைப் பார்த்ததுபோல அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கிறீர்? இதிலை பிடியும், அசையாதையும்" என்றார். பிடித்தேன்.

குதிரைக் கொட்டில் கதவுகளோ எல்லாம் இரண்டு பாதி. கீழ்ப்பாதி பூட்டிக் கிடக்க, மேல்பாதியால் குதிரைகள் தலையை நீட்டி எங்களை வேடிக்கை பார்த்தன.

"இஞ்சாருங்கோ, எங்கடை கதவையும் உப்பிடிச் செய்யேலாதே? மேல்பாதியைத் தனியத் திறந்தால் மணமும் போகும், எனக்குக் கடலும் தெரியும்."

"அப்ப ரெண்டு கதவெல்லோ செய்யவேணும்."

"ஊர்ச்சனத்துக்கு எத்தினை ஆயிரம் கதவு செய்தனீங்கள். எனக்கு ரெண்டு செய்யுங்கோவன்."

இவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். மேல்பாதியைக் காற்றுப் பிடுங்காமல் கொளுவி வைக்க ஒரு பித்தளைக் கொளுக்கியைக் கிர்ஸ்டன் தந்தாள். பசை இறுகும்வரை அவளுக்குப் பால்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இரண்டு கோப்பை குடித்தாள்.

ஞாயிறு காலை ஸ்காகன். லோக்கனிலிருந்து எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. வண்டியை நிறுத்திவிட்டு, உழவு இயந்திரம் இழுக்கிற பஸ்ஸில் ஏறி மணலின் நுனிக்குப் போனோம். மேற்கிலிருந்து ஒரு கடலும் கிழக்கிலிருந்து ஒரு கடலும் வந்து முட்டுகின்றன. அலைகள் நேருக்கு நேர் வந்து கைதட்டுவதுபோல அடித்து, வெள்ளையாக எழும்பி, ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. பக்கத்தில் நின்ற சின்னப்பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. இவர் சப்பாத்தைக் கழற்றி ஒரு காலை அந்தக் கடலிலும் மற்றக் காலை இந்தக் கடலிலும் வைத்தார். "வாரும்" என்றார். குளிர் உச்சந்தலை வரை ஏறியது. நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், அழுதேன்தான்.

துறைமுகத்தில் தொண்ணூறு குரோனருக்கு மீன் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஓல்போர்க்கைத் தாண்டவில்லை, யோகன் அண்ணையின் அழைப்பு வந்தது. இவர் றோட்டையே பார்த்து ஓட்டினார். நான் எடுத்தேன்.

"என்ன தங்கச்சி, வண்டி எப்பிடி?"

"கதவு உடைஞ்சு போச்சண்ணை."

"அது பறவாயில்லை, நான் புதுசு போடுறன்."

"அது இவர் போட்டிட்டார்."

"அப்ப நாளைக்கு வாறன், பாப்பம்."

"வாங்கோண்ணை. மீன் பொரிச்சுத் தாறன். வண்டி விக்கிறேல்லை."

இவர் அடுத்த தரிப்பிடத்துக்குள் வண்டியைத் திருப்பினார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு மூக்கைக் காட்டி நிறுத்தினார்.

"பசிக்குது" என்றார். நான் பின்னால் ஏறி அடுப்பைப் பற்றவைத்து, மேல்பாதியைத் திறந்து கொளுவினேன்.