சத்தமில்லாதவனுக்குச் சத்தக்காரர் என்று பெயர்

சபையாரே, என்னால் எழுந்து நின்று சொல்ல முடியாது. எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள்.

2003 வாக்கில் எனக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. சத்தம் போய்விட்டது. மனைவி முன்பே இறந்துவிட்டாள். பிள்ளை இல்லை. ஆராதனையில் எல்லோரும் ஆமென் சொல்லும்போது என் வாய் மட்டும் சும்மா திறந்து மூடும். வருவதை நிறுத்திவிட்டேன்.

திருநகரில் எங்கள் தெரு முனையில் பாண்டி என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஒருநாள் கூப்பிட்டார். “வாங்கண்ணே. இங்க பேசுறதுக்கு வாயே வேணாம், வெரலு போதும்.”

கம்ப்யூட்டரில் தமிழ் விசுவாசிகள் கூடிப் பேசும் சாட் ரூமைத் திறந்து உட்கார வைத்தார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். கப்பலூர் கம்பெனியில் இரும்பில் எழுத்துக் குத்தியதால் இங்கிலீஷில் பெரிய எழுத்து, அதாவது கேப்பிடல், மட்டும் தெரியும். அதிலேயே அடித்தேன்.

மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் உசிலம்பட்டி எஸ்தர் உடனே எழுதினார்: “அண்ணே, எதுக்கு இம்புட்டுச் சத்தம் போடுறீக? காது வலிக்குது.”

பாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். பாண்டி சிரித்தார். “இதுல பெரிய எழுத்துல அடிச்சா கத்துறீகன்னு அர்த்தம்ணே.”

அன்றிலிருந்து அங்கே என் பெயர் சத்தக்காரர். குரல் இல்லை என்று நான் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் ஒவ்வொருவரும் ‘வந்துட்டேன்’ என்று அடித்த பிறகே ஜெபம். நான் தவறியதில்லை. எஸ்தர் ஒருமுறை பாண்டி கடையின் போன் நம்பர் கேட்டார். கொடுத்தேன்.

ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. வாசல் கதவு உள்ளே தாழ். பக்கத்து வீட்டார் எழுமலைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் மக்கை எடுத்துச் சுவரில் தட்டினேன். யாரும் வரவில்லை. “ஆண்டவரே, ஒரே ஒரு தடவை கத்துவதற்குச் சத்தம் கொடும்” என்று கேட்டேன். வாயைத் திறந்தேன். கழுத்தில் போட்ட துளை வழியே காற்றுதான் வந்தது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

இருட்டும் நேரம் கதவை இடித்தார்கள். “அண்ணே! உள்ள இருக்கீகளா?”

பாண்டி கதவை உடைத்து வந்தார். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். “மஸ்கட்ல இருந்து அந்த அக்கா போன் போட்டு உலுக்கிருச்சுண்ணே. சத்தக்காரர் சத்தத்தக் காணோம், ஓடிப்போய்ப் பாருங்குது. ஏண்ணே, உங்க சத்தம் அம்புட்டுத் தூரத்துக்கா கேட்டுச்சு?”

பாண்டியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வலியால் இல்லை.

நான் கேட்ட சத்தம் வரவில்லை. நான் இல்லாதது அவர்களுக்குக் கேட்டது. ஆண்டவர் இப்படியும் செய்வார் என்று எனக்குத் தெரியாது.

இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு இங்கேயும் வருகிறேன். சாயங்காலம் அங்கேயும் போகிறேன். ஜெபிக்க வார்த்தை வராதவர்கள் சும்மா வந்து உட்காருங்கள். அவர் பார்த்துக்கொள்வார். பக்கத்து இடம் காலியாக இருந்தால் ஏன் என்று விசாரியுங்கள்.

இதை வாசிக்கிறவர் கடைசி வார்த்தையை எனக்காகச் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஆமென்.