முதுகில் எட்டு

எட்டு என்ற எண்ணில் ஏதோ இருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கியதற்கு எங்கள் பக்கத்து ரக்பிக்காரர்தான் முதல் காரணம். சிகடோகா ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஃபிஜியர் கிராமம் அவருடையது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் ஓடினால், தடுக்க வந்த நாலு பேரும் அவர் மேல் தொங்கியபடியே கூடப் போவார்கள். அவர் முதுகில் எட்டு. கடைக்கார பாய் வீட்டு அண்ணன் ஒரு மைல் ஓட்டத்தில் எல்லோரையும் முந்தி வந்தபோது, அவர் மார்பில் ஊக்கு குத்தியிருந்த துணியிலும் எட்டு. முடிவெட்டும் கடைச் சுவரில், ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்து ஒட்டிய வெள்ளைக்காரப் பந்தாட்டக்காரன் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அங்கேயும் எட்டு. ஒன்பது வயதுக்காரிக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முருகனுக்கு வேல் மாதிரி இவர்களுக்கெல்லாம் எட்டு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதனால் என் சித்தப்பாவுக்கே எட்டாம் நம்பர் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை எங்கள் ஊர்ப் பந்தாட்டக் குழுவுக்கு வெறும் நீலச் சட்டைதான். தலைநகர் சுவாவில் நடக்கவிருந்த இறுதி ஆட்டத்தில் நம்பர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். வெள்ளைத் துணியில் நம்பர்களை வெட்டித் தைக்கும் வேலை அம்மா தலையில் விழுந்தது. சித்தப்பா தன் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

வயலிலிருந்து திரும்பிய தாத்தா அதைப் பார்த்தார். தாத்தா மதராஸிலிருந்து கப்பலில் வந்தவர். கரும்புத் தோட்டத்தில் கிரிமிட் என்ற ஐந்து வருடக் கூலி ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, குத்தகைக்கு நிலம் பிடித்துக் கத்தரியும் தக்காளியும் போட்டுக் குடும்பத்தை நிமிர்த்தியவர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். அன்றும் உயர்த்தவில்லை.

“அதக் கழட்டு. அத மாட்டிக்கிட்டு இந்த வாசலத் தாண்டாத.”

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் துணியவில்லை. தாத்தாவுக்கு அட்டமத்துச் சனி நினைவுக்கு வந்திருக்கும், அதுதான் எட்டு என்றதும் பயந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். குழுத் தலைவர் வீடு தேடி வந்து, வேண்டுமானால் பத்தாம் நம்பரை மாற்றித் தருகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தார். “பத்தும் வேணாம்” என்று சொல்லிவிட்டுத் தாத்தா தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். வீம்பு என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பா சட்டையை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்துவிட்டேன்.

எட்டின் பெருமையைத் தாத்தாவுக்குப் புரியவைக்க எட்டாம் நம்பர்க்காரரே வந்தால்தான் ஆகும். ஃபிஜியர் வீட்டுக்கு ஒன்று கேட்கப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை முன்னால் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இது எங்களுக்கெல்லாம் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு கட்டு வேரை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

பாலத்தைக் கடந்து போய் அந்த மலை போன்ற மனிதரின் முன்னால் வேரை வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டி, ஊர்த் தலைவர் கொண்டுவந்ததைப் போல மரியாதையோடு வாங்கிக்கொண்டார். பிறகு நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே தன் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மாமரத்தடியில் பாய் விரித்து அவரும் தாத்தாவும் உட்கார்ந்தார்கள். பேச்சு, தீவு முழுவதும் புழங்கிய இந்தியில் நடந்தது. ரக்பிக்காரர் தன் சட்டையை விரித்துக் காட்டினார். தாத்தா அதை மடியில் வாங்கி, நம்பர் தைத்திருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். சனியைப் பற்றிக் கேட்பார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“ஆட்டம் முடிஞ்சா இதக் கழட்டிடலாமா?”

“கழட்டித்தான் ஆகணும் பெரியவரே. இல்லன்னா நாத்தம் தாங்காது.”

“யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?”

சிரித்துக்கொண்டிருந்த ரக்பிக்காரர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தாத்தா சட்டையை ஒழுங்காக மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப ஆடட்டும். நானும் கூட வரேன்.”

சுவா மைதானத்தில் நான் பார்த்ததை இன்று நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. மழையில் ஊறிய தரையில் மற்றவர்கள் வழுக்கி விழ, சித்தப்பாவின் காலில் மட்டும் பந்து சொன்னபடி கேட்டது. மூன்று பேரை ஏமாற்றிவிட்டு அவர் அடித்த அடியில் வலை நடுங்கியது. கூட்டம் முழுவதும் எழுந்து “ஆட் நம்பர்! ஆட் நம்பர்!” என்று இந்தியில் எட்டைக் கூவியது. நானும் தொண்டை கிழியக் கூவினேன்.

தாத்தாவும் எழுந்து நின்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் நம்பரைச் சொல்லவில்லை. சித்தப்பாவின் பெயரை, தன் பெயரை, தன் அப்பா பெயரை, மதராஸ் பக்கத்தில் விட்டுவந்த ஊரின் பெயரை எல்லாம் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கூவினார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“தாத்தா, பேரச் சொல்லக் கூடாது. நம்பரத்தான் சொல்லணும்.”

அவர் மைதானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“என்னையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்கம்மா. அஞ்சு வருஷம்.”

நான் திகைத்துப்போனேன். எங்கள் தாத்தாவா? இத்தனை காலம் மூச்சு விடவில்லையே!

“உங்களுக்கு என்ன நம்பர் தாத்தா?”

ஆங்கிலத்தில் வேறெதுவும் தெரியாத தாத்தா, அதை மட்டும் ஆங்கிலத்தில், தடுமாறாமல், ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். நான் விரல்விட்டு எண்ணினேன். ஐந்து இலக்கம்! எத்தனை ஆயிரம் பேர் ஆடிய ஆட்டமோ அது என்று அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் சித்தப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை. சித்தப்பா வெறும் எட்டுதான், எங்கள் தாத்தாவின் நம்பரைக் கேட்டால் மயங்கி விழுவீர்கள் என்று வகுப்பு முழுவதும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.