மறந்தால் ஏறவிடாத வண்டி

திருகோணமலைத் துறைமுகத்தில் ஸ்ரோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைக் கிடங்கில் வேலை செய்தவர்களில் ஜெமீலைப் போலக் கதைகாரன் வேறு யாரும் இல்லை. கிண்ணியாக்காரன். காலையில் பாதை ஏறி வருவான். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் அந்த மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். இக்கரைக்கு வந்து சேருவதற்குள் கூட வந்தவர்களின் வீட்டுச் செய்தியெல்லாம் அவனிடம் வந்துவிடும். யாருடைய மாடு கன்று போட்டது, யாருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்த வயலில் யானை இறங்கியது என்று எல்லாவற்றையும் ஸ்ரோர் வாசலில் நின்று எங்களுக்கு இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். நான் அங்கே கிளாக்கராக இருந்தேன். என் மேசை ஜன்னலோரம். அதனால் பாதிக் கதை எனக்குத்தான் விழும்.

அவன் மின்சாரத்தில் ஓடும் பற்றறி வண்டி ஓட்டினான். மலைநாட்டிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிகளை ஸ்ரோருக்குள் அடுக்கவும், கப்பல் வந்ததும் அவற்றை இறங்குதுறைக்குக் கொண்டுபோகவும் அப்படி மூன்று வண்டிகள் இருந்தன. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். டீசல் புகை பட்ட பெட்டியை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் புகைவிடும் எதையும் உள்ளே விடுவதில்லை. பின்னால் பலகைத் தட்டு, தட்டுக்குக் கீழே பற்றறி, முன்னால் ஓட்டுபவருக்கு ஒரு இருக்கை, ஏறி இறங்க வலப்பக்கம் மட்டும் ஒரு சின்ன வாசல். வண்டி அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுவரோரம் பின்பக்கமாக நிறுத்தி, கேபிளை மாட்டி சார்ஜ் ஏற்றுவார்கள்.

அந்தக் கேபிளை மாட்டுகிற சொக்கற் வண்டியின் பின்மூலையில், தட்டுக்குக் கீழே இருந்தது. இருக்கையில் இருப்பவருக்குத் தெரியாது. பிளக் கழன்று விழாமல் இருக்க அதில் திருகிப் பூட்டுகிற ஒரு வளையமும் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டே வருகிற ஜெமீல் நேரே ஏறி இருந்து வண்டியை எடுத்துவிடுவான். கேபிளும் கூடவே போகும். ஒருமுறை சுவரிலிருந்த பெட்டியே பெயர்ந்து வந்தது. எலெக்ரீசியன் இக்னேசியஸ் தலையில் அடித்துக்கொண்டு அதைத் திரும்பப் பூட்டினான்.

“மச்சான், உனக்கு வாய் வேலை செய்யேக்க கண் வேலை செய்யாதோ?”

“ஒரு நேரத்தில ஒண்டுதானே மச்சான் செய்ய ஏலும்,” என்றான் ஜெமீல். எல்லோரும் சிரித்தோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அது சிரிப்பாக முடியவில்லை. உடைந்த பெட்டிகளுக்குத் தகரப்பட்டி அடித்துத் திருத்துகிற வேலை மக்டலினுடையது. பாலையூற்றில் தங்கை வீட்டில் இருந்த விதவை. எங்களுக்கெல்லாம் மக்டலின் அக்கா. ஆணிச் சட்டியோடு சுவரோரமாக அவர் வந்துகொண்டிருந்தபோது ஜெமீல் வண்டியை எடுத்தான். தரையில் கிடந்த கேபிள் ஒரே இழுவையில் விறைத்து எழும்பி அவருடைய காலை வாரியது. சீமெந்து விளிம்பில் விழுந்தார். ஆணிகள் சிதறிய சத்தத்துக்குப் பிறகுதான் அவர் கத்திய சத்தம் எனக்குக் கேட்டது. கணுக்கால் முறிந்திருந்தது.

ஜெமீல் இறங்கி ஓடிவந்தான். அவரைத் தூக்க நாங்கள் நாலு பேர் குனிந்தபோது அவன் மட்டும் நின்ற இடத்தில் நின்றான்.

அடுத்த நாள் வண்டியைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். பெட்டி சுமக்கிறவர்களோடு போய் நின்றான். மெலிந்த உடம்பு, சுமந்து பழக்கமில்லை. தோள் கன்றித் தோல் உரிந்தது. எவரோடும் கதைக்கவில்லை. வாசலில் செய்தி இறக்குவதும் நின்றது. என் ஜன்னலடியில் அவன் தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. மக்டலின் அக்காவைப் பார்க்கப் போனாயா என்று இக்னேசியஸ் கேட்டதற்கு, “எந்த முகத்தோட போறது?” என்று மட்டும் சொன்னான்.

அவன் போகவில்லை. அவன் மனைவி ஸாலிஹா போனாள். கைக்குழந்தை லைலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு முட்டி எருமைத் தயிரோடு பாதை ஏறி, பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்துப் பாலையூற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். மக்டலின் அக்கா மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் இருந்தாராம். முதலில் இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லையாம். குழந்தை மாவுக்கட்டில் தட்டி விளையாடத் தொடங்கியதும் இருவரும் சிரித்துவிட்டார்களாம். பிறகு ஸாலிஹா அடிக்கடி போனாள். ஒருநாள் திரும்பி வந்து கணவனிடம், “அவ உங்களை வரட்டாம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றாள்.

துணைக்கு இக்னேசியஸையும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் ஜெமீல் அங்கே போனான். உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அங்க என்னத்துக்கு நிக்கிறீங்கள்? கதிரையில இருங்கோ,” என்றார் மக்டலின் அக்கா.

அவன் இருக்கவில்லை. “அக்கா, இனி நான் மறக்கமாட்டன். அல்லாஹ்ட மேல—”

“சத்தியம் பண்ணவேண்டாம் தம்பி,” என்று அவர் இடைமறித்தார். “நீங்கள் மறப்பீங்கள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாலு பேரைக் கண்டால் உங்களுக்கு உலகமே மறந்துபோகும். அது உங்கட பிறவிக் குணம். அதை நான் குறையெண்டு சொல்லேல்ல.”

“அப்ப நான் வண்டி ஓட்டாமல் விடுறதுதானே சரி?”

“நீங்கள் பெட்டி சுமந்தால் என்ர கால் பொருந்துமே? வண்டியில ஏதும் செய்யுங்கோ. நீங்கள் மறந்தாலும் அது மறக்காத மாதிரி. இந்தா இருக்கிறாரே இக்னேசியஸ், இவருக்கு வேற என்ன வேலை?”

இக்னேசியஸ் நாடியைத் தடவி யோசித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்கள் இருவரும் எனக்கு முன் ஆசனத்தில் இருந்தார்கள். விபத்துக்குப் பிறகு ஜெமீல் வாய் திறந்து நீளக் கதைத்தது அன்றுதான்.

முதலில் இக்னேசியஸ் அந்தத் திருகு வளையத்தைக் கழற்றிவிடலாம் என்றான். வண்டி நகர்ந்தால் பிளக் தானாக வழுக்கிக் கழன்றுவிடும். துறைமுகப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த எஞ்சினியரிடம் போய்க் கேட்டார்கள். அவர் மறுத்தார். மின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக் கழன்றால் பொறி பறக்கும், பெட்டித் தூசியும் சாக்கும் நிறைந்த இடத்தில் அது கூடாது என்றார். கேபிள் மாட்டியிருந்தால் மோட்டர் ஓடாதபடி செய்கிற ஒரு சாமான் இருப்பதாகவும் அவர் சொன்னார். ஆனால் அது சீமையிலிருந்து வரவேண்டும். இறக்குமதியெல்லாம் இறுகிப்போயிருந்த காலம். எழுதிப் போட்டார், வரவில்லை.

பிறகு கேபிளில் ஒரு சிவப்புத் துணி கட்டிப் பார்த்தார்கள். தேயிலைத் தூசியில் அது எந்த நிறமென்றே தெரியாமல் போய்விட்டது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜெமீல் நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு இக்னேசியஸைக் கூப்பிட்டான்.

“மச்சான், நான் பின்னால போய்ப் பாக்கவே மாட்டன். அது நடக்காது. ஆனால் ஏறாமல் ஓட்ட ஏலாது. நான் இருக்கிற இடத்திலயே அந்தச் சொக்கற்றைக் கொண்டுவந்து வை. கதிரைக்குக் கீழ வைச்சால், ஏறி இருக்கேக்க கால் முட்டும்.”

இதையும் எஞ்சினியரிடம் கொண்டுபோனார்கள். அவர் எழுந்து வந்து வண்டியடியில் குந்தியிருந்து பார்த்தார். சார்ஜ் ஏறும்போது பற்றறியிலிருந்து வாயு கிளம்பும், இருக்கைக்குக் கீழே அது தேங்கி நிற்கும், அங்கே ஒரு சின்னப் பொறி விழுந்தாலும் ஆபத்து என்றார். ஜெமீலின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் எஞ்சினியர் போகவில்லை. வண்டியில் ஏறுகிற வாசலோரத்து இரும்புக் கம்பத்தைக் கையால் தட்டிக் காட்டி, இங்கே வைத்தால் காற்றோட்டமும் இருக்கும், கேபிள் வாசலுக்குக் குறுக்கே வேலிபோலவும் கிடக்கும் என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் வேலை இருந்தது. உள்ளே வயரை நீட்டி, தோலுறை போட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. சுவரிலிருந்த பெட்டியையும் இடம் மாற்றினார்கள். மற்ற இரண்டு வண்டிக்காரரும் முதலில் முணுமுணுத்தார்கள். குனிந்து வளையம் திருகுவதைவிட இது சுகம் என்று கண்டதும் தங்கள் வண்டிகளுக்கும் கேட்டார்கள். தாங்களும் ஓரிரு தடவை கேபிளோடு போனதுண்டு, நல்லவேளை ஒருவரும் காணவில்லை என்று அவர்கள் சொன்னபோது ஜெமீல் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் திரும்ப வண்டி ஏறிய முதல் மத்தியானம் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றோம். அவன் நாங்கள் நிற்பது ஏனென்று தெரியாமல், கிண்ணியாவில் இரண்டு வீட்டுக்காரர் ஒரு சேவலுக்காகச் சண்டைபோட்ட கதையை எங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து போனான். வண்டியடிக்கு வந்து திரும்பிக் காலைத் தூக்கி வைத்தான். கேபிள் வயிற்றில் தடுத்தது.

“யா அல்லாஹ்!” என்றான். கேபிளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பிளக்கைத் திருகிக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். பிறகு வண்டிக்குள் இருந்துகொண்டு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இக்னேசியஸ் போய் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

மக்டலின் அக்கா சில மாதங்களில் வேலைக்கு வந்தார். கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். பின்னேரங்களில் ஜெமீல் அவரைத் தன் வண்டித் தட்டில் ஒரு பெட்டியின் மேல் இருத்தி வெளிவாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவான். அது ஒழுங்குக்கு மாறானது. எஞ்சினியர் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில் தேயிலை கொழும்புக்கே போகத் தொடங்கியது. ஸ்ரோரை மூடினார்கள். இக்னேசியஸ் சீனன்குடாவில் வேலை எடுத்தான். ஜெமீல் கிண்ணியாத் துறையடியில் ஒரு தேநீர்க் கடை போட்டான். அவனுக்கு அதைவிடப் பொருத்தமான தொழிலை நான் கண்டதில்லை. பாதைக்குக் காத்திருப்பவர்கள் தேநீர் குடிக்கத்தான் வருகிறார்களா, கதை கேட்க வருகிறார்களா என்று ஸாலிஹாவுக்கே தெரியாது.

எண்பத்தொன்றில் லைலாவுக்குக் கல்யாணம். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மக்டலின் அக்காவுக்கு அப்போது நன்றாக வயதாகிவிட்டது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஸாலிஹா அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். வந்தவர்களில் பலர் இது யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

“எங்கட பெரியம்மா,” என்று லைலாவே சொன்னாளாம்.

சாப்பாடும் வட்டிலப்ப இனிப்பும் முடிந்த பிறகு ஜெமீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கதவடிக்கு வந்து, “அக்கா, வயிறு நிறைஞ்சுதா?” என்று கேட்டான்.

“நிறைஞ்சுது. வட்டிலப்பம் இன்னும் ஒரு துண்டு இருந்தால் கொண்டுவாங்கோ,” என்றார் அவர்.

ஜெமீல் எடுத்துவர ஓடினான்.