அப்பாவின் கைநடுக்கம்

என் அப்பா பழனியாண்டி கனகராயன்குளத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்தியவர். ஏழு வயதில், கலவரத்தில், தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். சென்ற மாசியில் ஒரு சிறு திருகாணியைப் பிடிக்க, நடுங்கிய அவருடைய விரல்களால் முடியவில்லை.

"என்ன பழனியண்ணை, திரும்பவும் கள்ளுத் தவறணைப் பக்கமோ?" பம்பு கொண்டுவந்த கிருசாந்தன் கேட்டான்.

"குடியை விட்டுப் பதினொரு வருசமடா. வேணுமெண்டால் கிட்ட வந்து மணந்து பார்."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பவள். அப்பாவின் கண்ணிமை விடாமல் துடித்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதாக அம்மாவும் சொல்லியிருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுக் கதிர்காமநாதன் சிறுநீரக நோயால் இறந்தார். கிளினிக்கில் அவருக்குக் கொடுத்த உணவுத் தாளை அப்பா வாங்கிவந்து குசினிச் சுவரில் ஒட்டினார். கீரை, பயறு, கச்சான் கடலை எல்லாம் நின்றன. மரக்கறியை அவித்து, அவித்த நீரை அம்மா வெளியே ஊற்றினார். கிணற்று நீரை விட்டு வடிகட்டிய நீருக்கு மாறினார்கள். அப்பாவின் சிறுநீரகத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் வீட்டுக்கு வீடு உண்டு. தாளை நானும் பார்த்தேன். கவனமாக இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவை ஆஸ்பத்திரி விடுதியில் சேர்த்தோம். இரத்தத்தில் கல்சியம் குறைவு. ஏற்றினார்கள். மறுநாளும் அது உயரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடலில் மகனீசியம் குறைந்தால் கல்சியம் நிலைக்காது. அப்பா நிறுத்திய கீரையும் பயறும் கிணற்று நீரும்தான் அதைத் தருபவை. நரம்புகள் அடங்காமல் துடிக்கும். வலிப்பு வரும், இதயத் துடிப்பும் குழம்பும். எங்கள் ஆய்வுகூடத்தில் மகனீசியச் சோதனைக்கான இரசாயனம் முடிந்திருந்தது. இரத்தத்தை வெளியே அனுப்பிவிட்டு வைத்தியரிடம் ஓடினேன்.

"வேற குளிசை ஏதும் பாவிக்கிறவரோ?"

"வயித்தெரிவுக்கு ஒமிப்ரசோல். எட்டு வருசமா, ஒவ்வொரு நாளும்."

"ஆர் எழுதினது?"

"ஒருத்தரும் இல்லை, டொக்டர். நான்தான் பாமசியில வாங்கிக் குடுக்கிறனான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தக் குளிசையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் குடல் மகனீசியத்தை உறிஞ்சுவது குறையும் என்று இருவருக்கும் தெரியும். "ரிசல்ட்டுக்குப் பார்த்துக்கொண்டு நிக்கேலாது. இப்பவே ஏத்துவம்."

மருந்து எடுக்க ஆள் போனார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவருடைய நடுக்கம் என் கையிலும் ஓடியது.

"பிள்ளை, கிருசாந்தன் பம்புக்கு வந்தால் நாளைக்கு எண்டு சொல்லு."

"ஓம் அப்பா."

பிடி இறுகியது. கண் மேலே சொருகியது. வலிப்பு. மருந்து வந்தபோது நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு நிமிடம் அழுத்தினார்கள்.

செத்தவீட்டின் மூன்றாம் நாள், வெளியே அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்தது. மகனீசியம் 0.28. இருக்கவேண்டியது குறைந்தது 0.7.

அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "என்ர சமையலோ பிள்ளை?"

சமையலுக்கும் பங்கு உண்டு. எவ்வளவு என்று எந்தச் சோதனையும் பிரித்துச் சொல்லாது.

"இல்லை அம்மா," என்றேன். "நான் வாங்கிக் குடுத்த குளிசை."