பொடவுக்குள் ஒரு சாண் கரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை மறைத்தால் அன்று நடந்ததைச் சொல்ல முடியாது.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றில், பாறை கூரைபோல் நீண்டு நிற்கும் பொடவு இருக்கிறது. கற்கால மனிதர்கள் தங்கிய இடம். பல வருஷம் முன்னால் தோண்டியவர்கள் வெவ்வேறு ஆழத்துக் கரியை ஒன்றாகக் கலந்து, காலக்கணக்கைக் குழப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அதே குழியை மறுபடி தோண்டப் போயிருந்தோம். குழியை மூடியிருந்த பழைய மண்ணை அள்ளியதும் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு அடுப்புக்கரி தெரிந்தது. கைபடாமல் மிஞ்சியது அதுதான். அதுவும் போனால் இந்த இடத்தின் வயதைச் சொல்ல எங்களுக்கு வேறு வழியில்லை. தோண்டும் அனுமதியோ மறுநாளோடு முடிகிறது.

என்னோடு குழியில் ஓர் அக்கா வேலை பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் வெடிமருந்து செலுத்தியவர். போட்டோ எடுக்குமுன் மண்ணின் நிறம் எடுபடச் சுவரில் தெளிக்க ஒரு வாளித் தண்ணீரைக் குழிக்கு மேலே வைத்திருந்தார்.

கரியை மறைத்துக்கொண்டு ஒரு கல் கிடந்தது. மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். காலையிலிருந்து நெம்பியும் அசையவில்லை. "சனியனே" என்று வைதுவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன்.

"இரும்பை எடுக்காதீக சார்." மேலே வாளியோடு நின்ற அக்கா சொன்னார்.

"அக்கா, இது கரி. ஒங்க மருந்து இல்ல, வெடிக்காது."

"தெரியும் சார். ஆனா ஈரக்கொலை நடுங்குதே."

நான் சிரித்தபடி ஓங்கிப் போட்டேன். கல்லில் பட்டுப் பொறி தெறித்தது. மறு நொடி வாளித் தண்ணீர் முழுக்கச் சுவரில் விழுந்தது. காய்ந்த மண் பொதுக்கென்று சரிந்தது. கரி சேற்றோடு கரைந்து பழைய குழிக்குள் இறங்கியது.

"கூறு இருக்கா ஒங்களுக்கு? எல்லாம் போச்சு! எத்தனை வருஷ வேலை தெரியுமா?"

மலையே அதிரக் கத்தினேன். அந்த அக்கா காதில் வாங்கவே இல்லை. குழிக்குள் குதித்து என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுட்டுச்சா தம்பி? எங்கனயாச்சும் சுட்டுச்சா?" அதுவரை என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

"ஒண்ணும் இல்லக்கா. எதுக்கு ஊத்துனீக? வெடிக்காதுன்னு தெரியும்ல?"

அவர் கையை விடவில்லை.

"எங்க மருந்து ரூமுல பொறி விழுந்தன்னைக்கி வாளி எங் கையிலதான் இருந்துச்சு தம்பி. உள்ள மூணு பேரு. நான் ஊத்தல. ஓடிட்டேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மத்தியானம், எங்கள் ஆய்வை நடத்தும் பெரியவருக்குப் போன் போட்டேன். கரி போய்விட்டது, என் கடப்பாரையால்தான் போனது என்று சொன்னேன்.