சவுக்குத் தோப்பில் சுட்ட கருவாடு

மணலி புதுநகருக்கு அந்தப் பக்கம், ஒரு தொழிற்சாலைச் சுவரை ஒட்டி, நாங்கள் ஒன்பது பெண்கள் வளர்க்கும் சவுக்குத் தோப்பு இருக்கிறது. அப்போது நான்தான் மேஸ்திரி. கோடை தொடங்கும் முன் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அம்மா வந்து காட்டுத்தீ பற்றி வகுப்பு எடுத்தார்.

"காடா? இங்க எங்கம்மா காடு கீது?" என்று நான் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, காலடியில் கிடந்த சவுக்குச் சருகை ஒரு கை அள்ளிக் காட்டினார். "இது போதும்மா," என்றார். தீக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் நின்று பச்சைக் கிளையால் அடிக்க வேண்டும் என்று செய்தும் காட்டினார். கடலோர நெட்டுக்குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்தவளுக்கே காற்றைப் பற்றிப் பாடமா என்று எனக்கு ஒரே எகத்தாளம்.

எங்களுக்கு வேலை கொடுத்த காண்டிராக்டர் ஒன்றுதான் சொன்னார். உள்ளே யாராவது நெருப்பு வைத்தால் ஒன்பது பேருக்கும் வேலை இல்லை. தினமும் வாசலில் எல்லோருடைய தீப்பெட்டியையும் வாங்கி வைப்பது என் பொறுப்பு. கறாராக வாங்கினேன். என் சுருக்குப்பையில் இருந்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. சுட்ட கருவாடு இல்லாமல் எனக்குப் பழைய சோறு தொண்டையில் இறங்காது.

ஒரு நாள் காலை பத்து மணிக்கே பசி. மேலக்காற்று புகையைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. புதிதாக நட்ட கன்றுகள் இருந்தது எதிர்ப்பக்கம். கடல்காற்று திரும்புவதற்குள் சாப்பிட்டே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, மூன்று துண்டு வாளைக் கருவாட்டைச் சுட உட்கார்ந்தேன். இரண்டாவதைத் திருப்பும்போது கன்னத்தில் ஈரக்காற்று பட்டது. கடல்காற்று அன்றைக்கென்று சீக்கிரமே வந்துவிட்டது. சருகு படபடவென்று பிடித்துக்கொண்டு, தீ கன்றுகளைப் பார்த்து ஓடியது.

நானோ தீக்கு நேர் முன்னால் போய் நின்று முந்தானையால் அடிக்கிறேன்!

"அண்ணி! எதிர்ல இன்னாத்துக்கு நிக்கிற? இந்தாண்ட வா!" என்று கத்திக்கொண்டே என் நாத்தனார் ஓடிவந்து, இடுப்பைப் பிடித்து என்னை இழுத்துப் போட்டாள். வகுப்பு நடந்தபோது கடைசியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தவள் அவள். எட்டுப் பேரும் கிளைகளை ஒடித்துப் பக்கவாட்டில் நின்று அடித்து அணைத்தார்கள். நான்கு கன்றுகள் கருகின. என் முந்தானையில் ஒரு முழம் போயிற்று.

புகையைப் பார்த்துக் காண்டிராக்டர் வந்துவிட்டார். "யாரு வச்சது?"

"எவனோ சுவருக்கு அந்தாண்டயிருந்து பீடி போட்டுட்டான் சார்," என்றாள் நாத்தனார், முகம் மாறாமல். தோப்பு முழுக்கக் கருவாட்டு வாசனை. எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

"நான்தான் சார். என்னை அனுப்பிடுங்க. அணைச்சது இவங்கதான், இவங்கள வுட்டுடுங்க."

அவர் கருவாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வூட்லயே சுட்டு எடுத்துனு வர முடியாதாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். யாருக்கும் வேலை போகவில்லை. மேஸ்திரி வேலை மட்டும் நாத்தனாருக்குப் போனது.

இப்போது வாசலில் அவள்தான் நிற்கிறாள். "சுருக்குப்பைய தெற, அண்ணி," என்று தினமும் என்னிடம்தான் ஆரம்பிக்கிறாள். மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்கத் திறந்து காட்டுகிறேன். பிறகு சாப்பாட்டுத் தூக்கையும் திறக்கச் சொல்வாள். உள்ளே வீட்டில் சுட்டு ஆறிப்போன கருவாடு, மூன்று துண்டு. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் என்னை உள்ளே விடுவாள். என்னை இழுத்துப் போட்ட கை அது.